வயசு போனாப்பிறகு விருது வாங்கின நடிகர்மார்: அடிக்கடி கேக்கிற கேள்வியள்

எங்கட வாசிகசாலையில மாசத்துக்கு ஒருக்கா சனிக்கிழமை பின்னேரம் புரொஜெக்ரர் வச்சுப் படம் போடுறனாங்கள். 2025 ஆகஸ்ட் 1ஆம் திகதி இந்தியாவின்ர 71ஆவது தேசிய விருது அறிவிச்சு, அதில எம்.எஸ். பாஸ்கர், ஊர்வசி, மலையாளத்து விஜயராகவன் எண்டு மூண்டு பழைய ஆக்களின்ர பேர் ஒண்டா வந்தோடன, சரி வயசு போன பிறகு விருது எடுத்த ஆக்கள்ர படமா ஒரு வரிசை போடுவம் எண்டு தொடங்கி இப்ப நாலு படம் போட்டாச்சு. படம் முடிஞ்சு தேத்தண்ணி குடிக்கேக்க ஒவ்வொரு மாசமும் அதே கேள்வியளைத்தான் சனம் கேக்குது, நானும் அதே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொல்லி களைச்சுப் போனன், அதால எழுதியே வைக்கிறன்.

கம்பாக் கம்பாக் எண்டு சொல்லுறியள், உவையள் எங்க போனவை திரும்பி வர?

இதை முதல் நாளே பின் வாங்கில இருந்து ஒரு ஐயா கேட்டவர், எனக்கு அண்டைக்குப் பதில் வரேல்ல. வீட்ட போய் யோசிச்சுப் பாத்தால் அவர் கேட்டது சரி.

மெய்யா விட்டிட்டுப் போய் வந்த ஆக்களும் இருக்கினம்தான். அமெரிக்காவில ஜோர்ஜ் பேர்ன்ஸ் எண்டு ஒரு கொமடிக்காரர், ரேடியோவிலயும் ரிவியிலயும் பேர் எடுத்தவர், ஆனால் 1939க்குப் பிறகு சினிமாப் பக்கமே இல்லை, பேந்து 1976இல 80 வயசில ஒஸ்கார் எடுத்தவர். அந்த வேஷமும் முதல்ல இவருக்கு வச்சது இல்லை, இவற்ற கூட்டாளி ஜாக் பென்னிக்கு வச்சது, அவர் 1974இல செத்துப் போகத்தான் இவரிட்ட வந்தது. எங்கட பக்கத்தில மஞ்சு வாரியர் கலியாணம் கட்டிப் பதினாலு வருசத்துக்கு மேல நடிக்காமல் இருந்து 2014இல வந்தவ, அதே கதையைத் தமிழில எடுத்து அடுத்த வருசம் ஜோதிகாவும் திரும்பி வந்தவ.

மற்ற ஆக்களைப் பாருங்கோ. எம்.எஸ். பாஸ்கர் எங்க போனவர்? ஒரு இடமும் போகேல்ல, ஒவ்வொரு வருசமும் படத்தில நிண்டவர், ரிவியில நிண்டவர், வேற ஆக்களுக்கு டப்பிங் குரலும் குடுத்தவர். அவர் நிண்ட இடத்துக்கு நல்ல வேஷம் வாறதுக்குத்தான் அவ்வளவு காலம் எடுத்தது. வேஷம் எழுதுற ஆக்கள்தான் திரும்பி வந்தவை எண்டு சொன்னால் பொருத்தமா இருக்கும், ஆனால் அதை ஒரு பேப்பரும் தலைப்பாப் போடாது.

பாஸ்கருக்கு எந்தப் படத்துக்குக் குடுத்தவை? கொமடிக்கோ?

கொமடி இல்லை. "பார்க்கிங்" எண்ட 2023ஆம் ஆண்டுப் படத்துக்கு, சிறந்த துணை நடிகர். கீழ் வீட்டில கனகாலமா வாடகைக்கு இருக்கிற, பென்சனுக்குக் கிட்டப் போன ஒரு அரசாங்க உத்தியோகத்தர், மேல் வீட்டுக்குப் புதுசா ஒரு பெடியன் குடும்பம் வருது, பெடியன் கார் வாங்குறான், ஒரு கார் விடுற இடத்துக்கு ரெண்டு பேரும் அடிபடுகினம், அவ்வளவுதான் கதை. இதை நாங்கள் போட்ட அண்டைக்கு சனம் விழுந்து விழுந்து சிரிச்சது, ஏன் எண்டால் உது எங்கட வேலிச் சண்டை அப்பிடியே. கதியாலை ஒரு சாண் தள்ளிப் போட்டிட்டான் எண்டு தொடங்கி கோட்டில பதினைஞ்சு வருசம் நிண்ட குடும்பம் எங்கட ஒழுங்கையிலயே இருக்கு, பேர் சொல்லமாட்டன். பிறகு சிரிப்புக் குறைஞ்சு குறைஞ்சு கடைசியில ஒருத்தரும் சிரிக்கேல்ல. அந்த மனுசன்ர முகத்தில ரோசம் கூடிக்கூடிப் போய் ஒரு கட்டத்தில பயமா இருக்கும், அதுக்குத்தான் விருது.

எங்கட சனத்துக்கு அவர் இன்னும் "சின்ன பாப்பா பெரிய பாப்பா" பட்டாபிதான். "மொழி" பாத்த ஆக்களுக்கும் "8 தோட்டாக்கள்" பாத்த ஆக்களுக்கும் இந்தாள் லேசுப்பட்டவர் இல்லை எண்டு எப்பவோ தெரியும்.

நாகேஷுக்கும் இதே கதைதான். அறுபதுகளில அந்த மனுசன் செய்யாத வேலை இல்லை, தேசிய விருது கிடைச்சது 1994ஆம் ஆண்டு "நம்மவர்" படத்துக்கு, அதில அவர் மகளைப் பறிகுடுத்த ஒரு வாத்தியார். இன்னொரு விசயம், தேசிய விருதில துணை நடிகர் எண்டு ஒரு பிரிவே 1984இலதான் தொடங்கினது, அதுக்கு முதல் எப்பிடித் துணை வேஷத்தில நடிச்சாலும் குடுக்க ஒரு தட்டு இல்லை.

வடிவேலுவுக்கு ஏன் குடுக்கேல்ல?

எனக்கும் இந்தக் கோபம் இருக்கு. "மாமன்னன்" வந்ததும் அதே 2023, போட்டியும் அதே வருசத்துப் போட்டி. எங்களை இவ்வளவு காலம் சிரிக்க வச்ச மனுசன் அதில ஒருக்காலும் சிரிக்க வைக்காமல் இருந்து காட்டினவர். துணை நடிகர் விருதைப் பாஸ்கரும் விஜயராகவனும் பங்கு போட்டு எடுத்தவை, விஜயராகவன் "பூக்காலம்" படத்தில 100 வயசுக் கிழவனா நடிச்சவர், அதைப் பாத்தால் அவருக்குக் குடுத்ததும் பிழை எண்டு சொல்லேலாது. அந்த வருசம் சரியான நெரிசல், அவ்வளவுதான்.

ஒஸ்காரில ஆக வயசு கூடி வாங்கினது ஆர்?

நடிப்புக்கு எண்டால் அந்தனி ஹொப்கின்ஸ், 2021இல, 83 வயசு. அதுக்கு முதல் கிறிஸ்தோபர் பிளமர், 2012இல 82 வயசு, "சவுண்ட் ஒப் மியூசிக்" படத்தில ஏழு பிள்ளையளின்ர தகப்பனா விசில் அடிச்சுக்கொண்டு வாறவர்தான், எங்கட அம்மாக்கள் பள்ளிக்கூடத்தால கூட்டிக்கொண்டு போய்ப் பாத்த படம். பொம்பிளையளில ஜெசிக்கா ராண்டி, 1990இல 80 வயசு.

ஹொப்கின்ஸுக்குக் குடுத்தது பிழை, செத்துப்போன பெடியனுக்குத்தான் குடுத்திருக்க வேணும் எண்டு சொல்லுகினமே?

சட்விக் போஸ்மனைச் சொல்லுறியள். 2020 ஆகஸ்டில 43 வயசில கான்சரில செத்தவர். 2021 ஏப்ரலில நடந்த விழாவில வழமையாக் கடைசியா வாற சிறந்த படத்தை முன்னுக்குத் தள்ளி சிறந்த நடிகரைக் கடைசியா வச்சவை, எல்லாரும் நினைச்சது போஸ்மனுக்குத்தான் எண்டு. உறையைத் திறந்தால் ஹொப்கின்ஸ். அவர் வரவே இல்லை, வேல்ஸில படுத்து நித்திரை. விழா அப்பிடியே சப்பெண்டு முடிஞ்சுது. விடிய எழும்பி ஒரு வீடியோ போட்டு, இந்த வயசில எதிர்பாக்கேல்ல எண்டு சொல்லி போஸ்மனையும் நினைவுகூர்ந்தவர்.

அப்ப அனுதாபத்தில குடுக்கிறவை எண்டு சொல்லுறாக்களுக்கு இது ஒரு பதில், அனுதாபம் எண்டால் அண்டைக்கு வேற ஆளுக்கல்லோ போயிருக்க வேணும். "த பாதர்" படத்தை நாங்கள் போட்டனாங்கள். மறதி வருத்தம் வந்த தகப்பன், கைமணிக்கூட்டைத் தேடித் தேடி, தன்னைப் பராமரிக்க வந்த பொம்பிளை களவெடுத்ததெண்டு பிழை சொல்லுறது. ஆங்கிலப் படம், ஒரு ரீச்சர் முன்னுக்கு இருந்து மைக்கில சொல்லிக்கொண்டு வந்தவ, கடைசிக் காட்சியில அந்த மனுசன் அம்மா வேணும் எண்டு குழந்தை மாதிரி அழ, ரீச்சர் மைக்கை நிப்பாட்டிப் போட்டா. ஒருத்தரும் என்ன சொன்னவர் எண்டு கேக்கேல்ல.

வயசு போன ஆம்பிளை எண்டால் ஹீரோ, பொம்பிளை எண்டால் அம்மாவோ?

இதைக் கேட்டது ஒரு அக்கா, கேள்வி மாதிரி இல்லை, பேச்சு மாதிரித்தான் கேட்டவ.

ஓம். சரண்யா பொன்வண்ணன் 1987இல "நாயகன்" படத்தில கதாநாயகி, பிறகு கன வருசம் ஆளைக் காணேல்ல, திரும்பி வரேக்க அம்மா. 40 வயசுகூட இல்லை, கமலும் ரஜினியும் அவவை விட எவ்வளவு வயசு கூட, அவையள் அப்பவும் டூயட் பாடிக்கொண்டு நிண்டவை. ஆனால் அந்த அம்மா வேஷத்தை வச்சே "தென்மேற்குப் பருவக்காற்று" படத்துக்கு 2010ஆம் ஆண்டுக்கான தேசிய விருது, துணை நடிகை இல்லை, சிறந்த நடிகை. குடுத்ததை வச்சே அடிச்சவ.

ஊர்வசியையும் பாருங்கோ. "முந்தானை முடிச்சு" 1983. 2005இல ஒரு தேசிய விருது, பிறகு இப்ப "உள்ளொழுக்கு" படத்துக்கு. இந்த முறை வாயை மூடிக்கொண்டு வாங்கேல்ல, பிரதான வேஷத்தை என்ன கணக்கில துணை வேஷம் எண்டு முடிவெடுத்தவை எண்டு பகிரங்கமாக் கேட்டவ. படத்தைப் பாத்தால் அவ கேட்டது முழுக்க நியாயம். வெள்ளம் நிக்கிற வீட்டுக்குள்ள மகன்ர பிரேதத்தை அடக்கம் செய்யேலாமல் வச்சுக்கொண்டு இருக்கிற தாய், படத்தைத் தூக்கி நிக்கிறதே அவதான்.

ஹிந்தியில நீனா குப்தா 2017இல இன்ஸ்ராகிராமில, நான் மும்பையில இருக்கிறன், நல்ல நடிகை, நல்ல வேஷம் தேடுறன் எண்டு வேலை கேட்டே எழுதினவ. 58 வயசில. எங்கட ஆக்கள் வேலை இல்லை எண்டு பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லவே வெக்கப்படுவினம். அடுத்த வருசம் "பதாயி ஹோ" வந்தது, 2024இல "ஊஞ்சாய்" படத்துக்குத் தேசிய விருது. அதே "பதாயி ஹோ" படத்தில மாமியா நடிச்ச சுரேகா சிக்ரி ஸ்ரோக் வந்து வீல்செயாரில வந்து தன்ர மூண்டாவது தேசிய விருதை வாங்கினவ, மண்டபம் எழும்பி நிண்டு கைதட்டினது.

ஹொலிவூட்டிலயும் பெரிய வித்தியாசம் இல்லை. மலேசியாவில ஈப்போவில பிறந்த மிஷேல் யோ 60 வயசில 2023இல சிறந்த நடிகை, உங்கட காலம் முடிஞ்சுது எண்டு ஆரும் சொல்ல விடாதேங்கோ எண்டு மேடையில பொம்பிளையளுக்குச் சொன்னவ. டெமி மூருக்கு 2025 ஜனவரியில கோல்டன் குளோப், 62 வயசு. வயசு போயிட்டுது எண்டு ரிவியால துரத்தின ஒரு பொம்பிளை தன்னை இளமையாக்க மருந்து ஏத்திறதுதான் கதை. ரெண்டு மாசம் கழிச்சு ஒஸ்காரும் அவவுக்குத்தான் எண்டு எல்லாரும் சொல்ல, அது போனது 25 வயசுப் பிள்ளைக்கு. அந்தப் பிள்ளையும் வடிவா நடிச்சவ, குறை சொல்லேல்ல, ஆனால் படத்தின்ர கதை மேடையிலயும் நடந்தது போல எனக்குப் பட்டுது.

கொரியாவின்ர யூன் யோ-ஜங்கை மறக்கேலாது, 2021இல 73 வயசு. கலியாணம் கட்டி அமெரிக்கா போய், திரும்பி வந்து, பிரிஞ்சு, ரெண்டு பெடியளை வளக்கிறதுக்காக வாற வேஷம் எல்லாம் நடிச்சவ. ஒஸ்கார் மேடையில, என்னை வேலைக்குப் போ போ எண்டு அனுப்பின என்ர ரெண்டு பெடியளுக்கும் நன்றி எண்டவ. கலை, தவம் எண்டு ஒண்டும் கதைக்கேல்ல, எங்கட அம்மம்மாமார் கதைக்கிற மாதிரிக் கதைச்சா.

படகில வந்த அகதிப் பெடியன் ஒஸ்கார் எடுத்தவன் எண்டு சொன்னியள், அது ஆர்?

கீ ஹுய் குவான். 1971இல சைகோனில பிறந்தவர், வியட்நாமில இருந்து 1978இல குடும்பம் படகேறினது, ஹொங்கொங் அகதி முகாம், பிறகு அமெரிக்கா. 1984இல இந்தியானா ஜோன்ஸ் படத்தில ஹரிசன் போர்ட்டோட ஓடித் திரிஞ்ச சின்னப் பெடியன், இலங்கையில கண்டிப் பக்கத்திலயும் ஷூட்டிங் நடந்த படம் அது. வளந்தாப்பிறகு ஆசிய முகத்துக்கு வேஷம் இல்லை, நடிப்பை விட்டிட்டு கமராவுக்குப் பின்னால சண்டைக் காட்சி அமைக்கிற வேலைக்குப் போயிட்டார். ஆசிய நடிகர்மாரை வச்சு 2018இல ஒரு ஹொலிவூட் படம் ஓடினதைப் பாத்திட்டுத்தான் திரும்ப நடிக்க ஆசை வந்தது. 2023 மார்ச்சில ஒஸ்கார். என்ர பயணம் ஒரு படகில தொடங்கினது, ஒரு வருசம் அகதி முகாமில இருந்தனான் எண்டு அழுது அழுது சொன்னவர். அண்டைக்குச் சிறந்த படம் விருதைக் குடுக்க வந்தது ஹரிசன் போர்ட், ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சதை நான் யூரியூப்பில எத்தினை தரம் பாத்தனான் எண்டு எனக்கே தெரியாது. எங்கட வீட்டிலயும் படகேறின ஆக்கள் இருக்கினம்.

வாழ்நாள் சாதனையாளர் விருதும் உதுவும் ஒண்டுதானே?

இல்லை. அது முழுக் காலத்துக்கும் சேத்துக் குடுக்கிற பொன்னாடை, இது ஒரு படத்துக்கு, போட்டியில வெண்டு எடுக்கிறது. பீற்றர் ஓட்டூலுக்கு 2003இல கௌரவ ஒஸ்கார் குடுக்கப் போக, நான் இன்னும் ஆட்டத்தில நிக்கிறன், வெண்டே எடுப்பன், 80 வயசு மட்டும் பொறுங்கோ எண்டு கடிதம் எழுதினவர். பிறகு சமாதானமாகி வாங்கினவர், மூண்டு நாலு வருசத்தில திரும்பவும் பரிந்துரையும் ஆனவர், அது எட்டாவது தரம், அந்த முறையும் கிடைக்கேல்ல. எட்டுத் தரமும் வெறுங்கை.

எங்கட சிவாஜிக்கும் இதே கணக்கு. 1960இல கெய்ரோவில கட்டபொம்மனுக்கு விருது, தாதாசாகேப் பால்கே விருது, பிரான்சின்ர செவாலியே எல்லாம் வந்தது, சிறந்த நடிகர் தேசிய விருது மட்டும் கடைசி மட்டும் இல்லை. "தேவர் மகன்" படத்துக்குச் சிறப்பு ஜூரி விருது எண்டு ஒண்டு அறிவிச்சவை. அந்த வில்லுவண்டிக் கிழவனுக்கு ஆறுதல் பரிசு. இதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் தேத்தண்ணி ஆறிப்போகும்.

இதுவரைக்கும் போட்டதில எந்தப் படம் நல்லது?

ரெண்டு. ரெண்டையும் ஒரே மாசத்தில, அடுத்தடுத்த கிழமை போட்டனாங்கள், வேணுமெண்டே.

ஒண்டு "பிறவி", ஷாஜி என். கருண் எடுத்த 1988ஆம் ஆண்டு மலையாளப் படம். அதில தகப்பனா நடிச்ச பிரேம்ஜி 1908இல பிறந்த நாடகக்காரர், நம்பூதிரி வீட்டில பிறந்து விதவையைக் கலியாணம் கட்டின சீர்திருத்தக்காரர். 80 வயசில சிறந்த நடிகருக்கான தேசிய விருது. கதை என்னெண்டால், பட்டணத்தில படிக்கிற மகன் வீட்டு விசேஷத்துக்கு வாறன் எண்டவன் வரேல்ல, தகப்பன் ஒவ்வொரு நாளும் வந்து பஸ் பாத்து நிக்கிறார், கடைசி பஸ் போகுமட்டும் நிண்டிட்டுத் திரும்பிப் போறார். பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போனது எண்டு தெரியவந்து போய்க் கேட்டால், நாங்கள் பிடிக்கவே இல்லை எண்டு கையை விரிக்கினம்.

இதை யாழ்ப்பாணத்தில போடுறது எண்டால் யோசிக்க வேணும், நான் யோசிக்காமல் போட்டிட்டன். பெரிசா வசனம் இல்லை, அந்தக் கிழவன் குடையோட நடக்கிறார், நிக்கிறார், மழை பெய்யுது, பஸ்ஸால ஆக்கள் இறங்கினம், அவர் ஒவ்வொரு முகமாப் பாக்கிறார். கதிரை அரைபடுற சத்தம்கூட இல்லை. முன் வரிசையில ஒரு அம்மா இருந்தவ, அவவின்ர மகனைப் பற்றி எங்கட ஊருக்கே தெரியும், காணாமல் ஆக்கப்பட்ட ஆக்கள்ர குடும்பங்கள் கிளிநொச்சியில 2017இல தொடங்கின போராட்டக் கொட்டிலுக்கும் படத்தோட போய் வாறவ. எழும்பிப் போயிடுவா எண்டு பயந்தனான். போகேல்ல. முடிஞ்சாப்பிறகு என்னட்ட வந்து, "தம்பி, அந்தாள் நடிக்கேல்ல, உண்மையாத்தான் பாத்துக்கொண்டு நிக்குது" எண்டவ. டெல்லி ஜூரி என்ன எழுதினதோ, எனக்கு இதுதான் ஜூரி.

மற்றது "புரஹந்த களுவர", பிரசன்ன விதானகே எடுத்த 1997ஆம் ஆண்டுச் சிங்களப் படம். ஜோ அபேவிக்ரம சிங்களச் சனத்தை எத்தினையோ வருசம் சிரிக்க வச்ச கொமடி நடிகர். இதில கண் தெரியாத கிழவன், ஆமிக்குப் போன மகன்ர பெட்டி சீல் வச்சு வருது, திறக்க விடமாட்டினம், கிழவன் மகன் சாகேல்ல எண்டு சொல்லி நட்டஈட்டுப் பேப்பரில கையெழுத்து வைக்கமாட்டன் எண்டு நிக்கிறார். கடைசியில கிடங்கைத் தோண்டித் திறந்தால் உள்ளுக்கு வாழைக்குத்தியும் கல்லும். 1999இல சிங்கப்பூர் திரைப்பட விழாவில ஆசியாவின் சிறந்த நடிகர், 70 தாண்டின வயசு. இஞ்ச 2000இல அரசாங்கம் படத்தைத் தடை செய்தது, உச்ச நீதிமன்றம் மட்டும் போய் 2001இலதான் தடை உடைஞ்சது.

இந்தப் படத்துக்கு ஆமி வீட்டுக்காரன்ர கவலை எங்களுக்கு எதுக்கு எண்டு ரெண்டு பேர் வரேல்ல, அது அவையின்ர விருப்பம், நான் வாக்குவாதப்படேல்ல. வந்த ஆக்கள் முதல் கிழமை மாதிரித்தான் இருந்து பாத்தவை. ரெண்டு கிழவனும் செய்யிறது ஒண்டுதான், நம்பமாட்டன் எண்டு நிக்கிறது. 30 வயசு நடிகருக்கு நரைமயிர் ஒட்டி, முதுகை வளைச்சு இதைச் செய்யேலாது. அந்தக் காலடியின்ர பாரம் மேக்கப்பில வராது.

எங்கட ஊர் ஆக்கள் ஆரும் இல்லையோ?

அல்லைப்பிட்டியில பிறந்த அன்ரனிதாசன் யேசுதாசன், எழுத்தில ஷோபாசக்தி, "தீபன்" படத்தில கதாநாயகனா வரேக்க 47, 48 வயசு. 2015இல கான் விழாவில படத்துக்குத் தங்கப்பனை, 2016இல பிரான்சின்ர செசார் விருதுக்கு சிறந்த நடிகர் பிரிவில அவற்ற பேர். விருது வேற ஆளுக்குப் போனது. வயசு போன கணக்கில இவரைச் சேக்கேலாது, ஆனால் அகதியாப் போய் கடையிலயும் ரெஸ்ரோரண்டிலயும் நிண்டு அந்த வயசில இவ்வளவு பெரிய வேஷம் எண்டது சின்ன விசயமோ.

இஞ்ச மேடையில நிண்ட ஆக்களைக் கேட்டால் கதை நீளும். நடிகமணி வி.வி. வைரமுத்துவின்ர "மயான காண்டம்" அரிச்சந்திரனை விடிய விடிய பாத்த ஆக்கள் இன்னும் இருக்கினம், கே.எஸ். பாலச்சந்திரன்ர "அண்ணை றைற்" எண்டால் இப்பவும் பஸ்ஸுக்குள்ள ஒருத்தன் சொல்லுவான். சினிமா எண்டு ஒரு தொடர்ந்த தொழில் இஞ்ச இருக்கேல்ல, அதால 70 வயசில திரும்பி வாறதுக்கு ஒரு இடமும் இல்லை.

அப்ப அவையளுக்கு விருது?

அரசாங்கத்தின்ர கலாபூஷணம் இருக்கு, 60 வயசு தாண்டின கலைஞருக்கு, விண்ணப்பிச்சு எடுக்க வேணும். எங்கட ஊரில கூத்துப் பழக்கிற ஒரு அண்ணாவியார் இருக்கிறார், பேர் போட்டால் பேசுவார். ஒரு அலுவலகத்தில, நடிச்சதுக்கு எத்தாட்சி கொண்டாங்கோ, நோட்டீஸ், போட்டோ, பேப்பர் வெட்டு எண்டிருக்கினம். யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தால சனத்தோட சனமா நடந்த மனுசன், தாயைச் சைக்கிள் கரியரில வச்சு உருட்டினவர், நோட்டீஸ் கட்டையோ தூக்குவார்? திரும்பி வரேக்க வீட்டில கூரையும் இல்லை, அலுமாரியும் இல்லை. நாங்கள் இப்ப அவரோட நடிச்ச, அவர் பழக்கின ஆக்களிட்டக் கடிதம் வாங்கிக்கொண்டு திரியிறம். மூண்டு கிடைச்சிருக்கு. நாலாவது ஆள் ரொறொன்ரோவில, வட்ஸப்பில அனுப்பினது கையெழுத்துத் தெளிவில்லை, திரும்ப அனுப்பச் சொல்லியிருக்கு.

அடுத்த மாசம் என்ன படம்?

"கடைசி விவசாயி". நல்லாண்டி ஐயா நடிகர் இல்லை, உசிலம்பட்டிப் பக்கத்துக் கமக்காரர், படம் 2022இல வரேக்க ஆள் இல்லை, அடுத்த வருசம் தேசிய விருதில சிறப்புக் குறிப்பு வந்தது. ஆறு மணிக்குத் தொடங்கும், மழை எண்டால் உள்ளுக்கு. அண்ணாவியார் வாறன் எண்டிருக்கிறார், அவருக்குச் சாய்மனைக் கதிரை வேணும், ஆற்றையும் வீட்டில இருந்தால் கொண்டாங்கோ.